இணையமும் நம் இரு கரைகளும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவிலே சமயம் பற்றியும் தமிழ் பற்றியும் பேசுவது நம் மன்றத்தின் வழமை. இன்று கணினி வலையமைப்பு, கம்பியில்லாத் தொடர்பு, இணையம் என்னும் மூன்றைப் பற்றியும் பேசும்படி நிருவாகத்தினர் நம்மைப் பணித்திருக்கின்றனர். இந்து இளைஞர் மன்றத்து மேடையில் இதற்கு என்ன இடம் என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். மட்டக்களப்புத் தமிழகம் தந்த சுவாமி விபுலானந்தரின் வாழ்க்கையே அதற்கு விடை சொல்லும். 1892இல் காரைதீவிலே பிறந்த அப்பெரியார், துறவு பூணுமுன் விஞ்ஞான ஆசிரியராயிருந்தவர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1930களிலே சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சியில் முன்னின்று உழைத்தவரும் அவரே. விஞ்ஞானம் தமிழிலே பேசப்படல் வேண்டும், அது ஊர்ப் பிள்ளைகளைச் சென்றடைதல் வேண்டும் என்பது அவர் கொண்ட கொள்கை. ஆகவே இன்றைய பொருள் நமக்குப் புறம்பானதன்று.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சிலே கொரோனா நோயின் காரணமாக நாடெங்கும் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடங்கள் கைத்தொலைபேசி வழியாக வரத் தொடங்கின. கைத்தொலைபேசி உள்ள வீட்டுப் பிள்ளை படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை இருந்துவிட்டது. தொலைபேசி இருந்தும் 'கவரேஜ்' இல்லாத ஊர்ப் பிள்ளைகளின் நிலையோ இன்னும் வேதனைக்குரியது. 2021இல் போகிட்டியாவ என்னும் மலைக்கிராமத்துப் பிள்ளைகள் ஆசிரியையோடு காட்டு வழியே நடந்து, ஒரு பாறையின் மேலேறி நின்று பாடங்களைப் பெற்ற செய்தி உலகப் பத்திரிகைகளிலே படத்தோடு வெளிவந்தது. மலைநாட்டிலே பாறை என்றால், நம் படுவான்கரையிலே வயல் வரம்பும் குளக்கட்டும். கவரேஜ் தேடி அலைந்த பிள்ளைகளை இங்கிருக்கும் ஆசிரியர்கள் அறிவார்கள்.

அப்போது நாம் எல்லோரும் ஒரே குறையைத்தான் சொன்னோம்: "கவரேஜ் இல்லை." ஏன் இல்லை என்று கேட்டவர் மிகச் சிலர். காரணம் தெரியாதவனுக்கு யாரிடம், எதைக் கேட்பது என்பதும் தெரியாது. இணையம் என்பது என்ன, அது எவ்வழியாக நம் கைக்கு வருகின்றது, எவ்விடத்திலே அறுகின்றது என்பதை விளங்கிக்கொண்டால், நம் இரு கரைகளுக்கும் இடையிலுள்ள வேற்றுமையைப் போக்க நாமும் ஏதேனும் செய்யலாம். இன்று நாம் சொல்லப் புகுந்தது அதுவே.

முதலில், வலையமைப்பு என்றால் என்ன? இரண்டு கணினிகளை ஒரு கம்பியினாலே தொடுத்தாற்கூட அது வலையமைப்புத்தான். ஆனால் கம்பி மாத்திரம் போதாது. இருவர் உரையாட வேண்டுமானால் மொழி ஒன்றாதல் வேண்டும். யார் முதலிற் பேசுவது, சொன்னது கேட்கவில்லையானால் என்ன செய்வது என்னும் ஒழுங்கும் வேண்டும். கணினிகளுக்கிடையிலுள்ள இந்த உடன்படிக்கையை நெறிமுறை என்று அழைக்கின்றோம். ஒரு வீட்டுக்குள்ளே, ஒரு பள்ளிக்குள்ளே, ஓர் அலுவலகத்துக்குள்ளே கணினிகள் தம்முள் தொடுக்கப்பட்டிருந்தால் அது சிறு வலையமைப்பு. அவ்வாறான சிறு வலையமைப்புகள் கோடிக்கணக்கானவை ஒரே நெறிமுறைக்கு உடன்பட்டு ஒன்றோடொன்று இணைந்திருப்பதே இணையம். இதற்குத் தனியொரு முதலாளி இல்லை. தனியொரு தலைமைக் காரியாலயமும் இல்லை. கம்பிகளுக்கும் கோபுரங்களுக்கும் உரிமையாளர் உண்டு. உடன்படிக்கையோ யாவர்க்கும் பொது. விண்ட் சேர்வ், பொப் கான் என்னும் அமெரிக்கர் இருவர் 1974இல் வெளியிட்ட நெறிமுறையிலிருந்து இது வளர்ந்தது. 1983 சனவரி முதலாம் நாள் தொடக்கம் அமெரிக்காவின் ஆராய்ச்சி வலையமைப்பாகிய ஆர்ப்பாநெற் இந்நெறிமுறையை மேற்கொண்டது.

அந்த ஆர்ப்பாநெற்றின் தொடக்கத்தையும் இளைஞர்கள் அறிந்திருப்பது நன்று. 1969 ஒக்டோபர் 29ஆம் நாள் இரவு, கலிபோர்னியாவிலே ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளியிலிருந்த இரண்டு கணினிகள் முதன்முதலாகப் பேசின. 'லொகின்' என்னும் ஆங்கிலச் சொல்லை அனுப்ப முயன்றனர். முதல் இரண்டு எழுத்துக்களும் போய்ச் சேர்ந்தன. அவ்வளவில் மறுகோடிக் கணினி செயலிழந்துவிட்டது! சிறிது நேரத்தின் பின் திருத்தி மீண்டும் அனுப்பினார்கள். இன்று உலகையே சுற்றி வளைத்திருக்கும் பெருவலை அன்று இரண்டெழுத்தோடு தொடங்கியது.

இனி, செய்தி எவ்வாறு பயணஞ் செய்கின்றது என்று பார்ப்போம். தொலைபேசியின் பழைய முறையிலே, இருவர் பேசும்வரை அவர்களுக்கென ஒரு வழி முழுவதும் ஒதுக்கப்பட்டிருந்தது. இணையம் அவ்வாறு செய்வதில்லை. அனுப்பவேண்டிய செய்தியைச் சிறு சிறு பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அனுப்புவோர் முகவரி, பெறுவோர் முகவரி, வரிசை எண் ஆகியவற்றை எழுதி விடுகின்றது. பொதுவாக ஒரு பொதி ஏறத்தாழ 1500 பைட்டுக்கு மேற்படாது. தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைட்டு வேண்டும்; ஆகவே ஒரு பொதியிலே அடங்குவது ஏறத்தாழ ஐந்நூறு குறிகளே. நமது மலரின் ஒரு பக்கம் பல பொதிகளாகத்தான் போகும்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயத் தேரோட்டத்துக்கு எழுவான்கரையிலிருந்து அடியார்கள் செல்லும் விதத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு குடும்பத்தினர் பத்துப் பேர் என்றால், சிலர் மண்முனைப் பாலத்தால் வருகின்றனர். சிலர் வலையிறவுப் பாலத்தால் வவுணதீவு சென்று சுற்றி வருகின்றனர். தெற்கேயுள்ளோர் பட்டிருப்புப் பாலத்தால் வருகின்றனர். புறப்பட்ட ஒழுங்கிலே வந்து சேர்வதில்லை. ஆயினும் கோயில் வாசலிலே ஒன்றுகூடி, யார் வந்தார், யார் வரவில்லை என்று எண்ணிப் பார்க்கின்றார்கள். வராதவருக்கு ஆளனுப்புகின்றார்கள். பொதிகளும் அப்படியே. போய்ச் சேருமிடத்திலே வரிசை எண்ணைப் பார்த்து அடுக்கப்படுகின்றன. ஒன்று குறைந்தால் அந்த ஒன்றை மாத்திரம் மீண்டும் அனுப்பும்படி கேட்கப்படுகின்றது. ஒரு பாலம் உடைந்தால் மற்றப் பாலத்தால் வரலாம் என்பதே இம்முறையின் பெருவலிமை.

வழியிலே ஒவ்வொரு சந்தியிலும் றூட்டர் என்னும் கருவி நிற்கின்றது. அது உலகம் முழுவதற்கும் வழி அறிந்ததன்று. "இந்த முகவரிக்குப் போவதானால் அடுத்த சந்தி இது" என்று மாத்திரம் காட்டும். சந்திக்குச் சந்தி வழி கேட்டுப் போகும் வழிப்போக்கனைப்போல, பொதியானது பத்துப் பதினைந்து சந்திகளைக் கடந்து கண்டம் விட்டுக் கண்டம் போய்ச் சேருகின்றது.

முகவரி என்றோம். கணினிக்குரிய முகவரி வெறும் எண். அதை மனிதர் மனத்திலிருத்துதல் அரிது. ஆகையால் எண்ணுக்கு ஈடாகப் பெயர் வைத்திருக்கின்றார்கள். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடும் உலகெங்கும் உண்டு. நம் நாட்டுக்கு 'எல்.கே.' என்னும் ஈற்றுப் பெயர் 1990இலே கிடைத்தது. அத்தோடு நில்லாது, 2010இலே தமிழெழுத்தில் 'இலங்கை' என்னும் ஈற்றுப் பெயரும், சிங்கள எழுத்தில் 'லங்கா' என்னும் ஈற்றுப் பெயரும் உலக ஏட்டிலே பதிவாகின. ஆங்கிலம் அறியாத ஒருவரும் தம் மொழியிலேயே ஓர் இணைய முகவரியை எழுதலாம். இது நம்மவர் பலர் அறியாத செய்தி.

நிற்க. இப்பொதிகள் ஓடும் பாதை யாது? இங்கேதான் பலரும் தடுமாறுகின்றார்கள். கைத்தொலைபேசியிலே கம்பியில்லை, ஆகவே இணையமே ஆகாயத்திலே உலவுகின்றது என்று எண்ணுகின்றோம். உண்மை வேறு. மட்டக்களப்பிலிருந்து இலண்டனிலுள்ள பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசும்போது, அப்பேச்சு ஆகாயத்தினூடே செல்வது, நம் கையிலிருந்து அண்மைக் கோபுரம் வரையுள்ள ஒன்றிரண்டு கிலோமீற்றர் மாத்திரமே. மிகுதி ஆயிரக்கணக்கான கிலோமீற்றரும் அது கண்ணாடி இழைக்குள்ளே, தரையின் கீழும் கடலின் கீழும் செல்கின்றது. மயிரிழை போன்ற மெல்லிய கண்ணாடியினுள்ளே ஒளி, பக்கங்களிலே பட்டுப் பட்டுத் திரும்பி, வெளியே கசியாமல் ஓடும். அதனை ஒளியிழை என்பர். கடைத்தெருவிலே 'பைபர்' என்கின்றோம். கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வீதி வழியே முந்நூறு கிலோமீற்றருக்குச் சிறிது கூடுதல். அத்தூரத்தை ஒளி கடப்பதற்கு விநாடியின் ஐந்நூறில் ஒரு பங்கே போதும்.

இலங்கையைச் சுற்றியுள்ள கடலிலே இத்தகைய வடங்கள் பல உண்டு. தென்கிழக்காசியாவையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைக்கும் 'சீ-மீ-வீ' வரிசையிலே மூன்றாவது வடம் கல்கிசையிலும், 2005இல் முடிந்த நான்காவது கொழும்பிலும், அதன் பின்வந்த ஐந்தாவது மாத்தறையிலும் கரையேறின. தூத்துக்குடியையும் கொழும்பையும் இணைக்கும் வடம் 2006இல் வந்தது. இவையெல்லாம் மேற்கு, தெற்குக் கரைகளிலே ஏறுவன. கிழக்கிலிருக்கும் நமக்கு இணையம் நாட்டைக் குறுக்கறுத்தே வரவேண்டும். ஒரே வழியை நம்பினால் வரும் கேட்டுக்கும் நம் நாடே சான்று. 2004 ஆகஸ்டிலே கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பலின் நங்கூரம் இழுபட்டு மூன்றாம் வடத்தை அறுத்துவிட்டது. நாட்டின் இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசியும் பெரும்பாலும் முடங்கின. பின்னர் வந்த வடங்கள் அந்த ஆபத்தைக் குறைத்தன. பாலம் ஒன்றானால் ஊர் தனித்துப்போகும். பாலங்கள் பலவானால் ஊர் பிழைக்கும். வாவிக்கரையிலே வாழும் நமக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டுவதில்லை.

இலங்கைக்கு இணையம் வந்த வரலாறும் சுருக்கமாகச் சொல்லத் தக்கது. 1990இலே மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தினர் 'லேர்ண்' என்னும் கல்வி வலையமைப்பின் மூலம் மின்னஞ்சலைத் தொடக்கினர். கடிதங்களைச் சேர்த்து வைத்து, தொலைபேசி வழியாகக் கொடுத்து வாங்கும் எளிய முறை அது. 1995இலே பொதுமக்கள் பணங்கட்டிப் பெறும் இணைய சேவை தொடங்கியது. 1999இலே கொத்மலைச் சமூக வானொலி நிலையத்தார் யுனெஸ்கோவின் துணையோடு ஓர் அரிய காரியஞ் செய்தார்கள். கணினியே காணாத கிராமத்தவர் தம் கேள்விகளை வானொலி நிலையத்துக்கு அனுப்புவார்கள். நிலையத்தார் இணையத்திலே விடை தேடி, அதை மக்கள் மொழியிலே வானொலியிற் சொல்லுவார்கள். ஓர் இணைப்பு ஒரு பிரதேசத்துக்கே பயன்பட்டது. இந்த உதாரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருவோம்.

இனிக் கம்பியில்லாத் தொடர்பு. மின்காந்த அலைகளைக் கொண்டு கம்பியின்றிச் செய்தி அனுப்பலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர்களிலே ஜகதீச சந்திர போசு ஒருவர். 1895இலே கல்கத்தாவில், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். நம் நாட்டிலே 1925 டிசெம்பரில் கொழும்பு வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. அன்றைய வானொலியின் அலை நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமுடையது. இன்றைய கைத்தொலைபேசி அலையோ மிகக் குறுகியது: 900 மெகாஹேட்சிலே ஏறத்தாழ ஓரடி, 1800இலே அதிற் பாதி. வீட்டு 'வைபை' பெரும்பாலும் பயன்படுத்தும் அலை பன்னிரண்டு சென்றிமீற்றர். அதாவது அரைச் சாண்.

அலையின் நீளம் குறையக் குறைய, அது நேர்கோட்டிலே செல்லும் இயல்பு மிகுகின்றது. இடையிலுள்ள பொருள்களால் எளிதிலே தடுக்கப்படுகின்றது. தென்னந்தோப்பும் கண்டற்காடும் அலையைக் குடிக்கும். இலை நனைந்திருந்தால் இன்னும் மிகுதியாகக் குடிக்கும். கல்வீட்டுச் சுவரும் தகரக் கூரையும் தடுக்கும். வாவியின் நீர்ப்பரப்போ கண்ணாடிபோல் அலையைத் திருப்பிவிடும். நேரே வந்த அலையும் நீரிலே பட்டுத் திரும்பிய அலையும் ஓரிடத்திலே ஒன்றையொன்று வலுப்படுத்தும். வேறோரிடத்திலே ஒன்றையொன்று அழித்துவிடும். கரையோரத்திலே பத்தடி தள்ளி நின்றால் தொலைபேசி நன்றாயிருப்பதும் முன்னே வந்தால் கெட்டுப்போவதும் இதனாலே நேரலாம். ஆகவே உயரமும் திறந்த வெளியும் கம்பியில்லாத் தொடர்பின் உயிர். போகிட்டியாவப் பிள்ளைகள் பாறையின் மேல் ஏறியதற்கு விளக்கம் இதுவே.

இன்னொன்று, அலை பொதுச் சொத்து. ஒரே அலையிலே இருவர் ஒரே நேரத்திற் பேசினால் இரண்டும் கெடும். இதற்கு ஒரு வழியை முதலிற் கண்டவர்கள் நம்மைப்போல் நீராற் பிரிக்கப்பட்டவர்களே. 1971இலே ஹவாய்ப் பல்கலைக்கழகத்திலே நோர்மன் ஏப்ரம்சனும் அவர் குழுவினரும் தீவுகளிலிருந்த கணினிகளை வானொலியினாலே தொடுத்தனர். அதற்கு 'அலோஹா' வலையமைப்பு என்று பெயர். அவர்கள் வகுத்த ஒழுங்கு மிக எளிது. சொல்லவேண்டியதைச் சொல், பதில் வரவில்லையானால் இன்னொருவரோடு மோதிவிட்டது என்று கொள், சிறிது நேரம் பொறுத்து மீண்டும் சொல். எவ்வளவு பொறுப்பது என்பதை ஒவ்வொருவரும் குருட்டுச் சீட்டுப்போல் வெவ்வேறாக எடுத்துக்கொள்வர். ஆகையால் மறுமுறை மோதும் வாய்ப்புக் குறையும். 1997இலே வகுக்கப்பட்ட வைபை முறையும் இக்கருத்தின் வழித்தோன்றலே. வைபை இன்னும் பண்புடையது. முதலிற் காதுகொடுத்துக் கேட்டு, எவரும் பேசவில்லையென்றால் மாத்திரமே பேசும்.

இதிலிருந்து விளங்குவது யாது? ஒரு கோபுரத்தின் கீழே எத்தனை பேர் இருக்கின்றார்களோ அத்தனை பேரும் ஓர் அலையைப் பங்கிடுகின்றார்கள். மாலை ஏழு மணிக்கு ஊர் முழுவதும் படம் பார்க்கத் தொடங்கினால் பிள்ளையின் பாடம் நின்று நின்று வருவதற்கு இது காரணம்.

கல்லடியிலே பழைய லேடி மனிங் பாலம் இருந்த காலத்தைப் பெரியோர்கள் நன்கறிவார்கள். ஒரு வாகனம் மாத்திரம் செல்லத்தக்க இரும்புப் பாலம் அது. இக்கரை வாகனங்கள் வரும்வரை அக்கரை வாகனங்கள் காத்து நிற்கவேண்டும். பாலத்துக்கு இப்பக்கமும் அப்பக்கமும் எவ்வளவு அகன்ற வீதி இருந்தாலும் பயனில்லை. பாலத்தின் அகலமே பயணத்தின் அகலம். 2013இலே புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னரே அந்த நெருக்கடி தீர்ந்தது. கைத்தொலைபேசியின் மூலையிலே காணப்படும் கோடுகள் நிறைந்திருந்தும் இணையம் ஊர்ந்து வருவது ஏன் என்று பலர் கேட்கின்றனர். கோடுகள் காட்டுவது நமக்கும் கோபுரத்துக்கும் இடையிலுள்ள அலையின் வலிமையை மாத்திரமே. அக்கோபுரத்தின் பின்னே உள்ள பாதை ஒளியிழையா, அன்றி இன்னொரு கோபுரத்தோடு வானலையாற் தொடுக்கப்பட்ட ஒடுங்கிய வழியா என்பதை அக்கோடுகள் காட்டமாட்டா. கவரேஜ் வேறு, பாதை வேறு. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் இன்றைய பேச்சின் பயன் பெரும்பாலும் கைகூடியது.

செய்மதி வந்துவிட்டதே, இனிக் கோபுரம் எதற்கு என்று இளைஞர் சிலர் கேட்கலாம். உலகைச் சுற்றும் செய்மதிகளைத் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945இலே எழுதிய ஆதர் சி. கிளாக் பின்னர் நம் நாட்டிலேயே குடியேறி, 2008இல் இறக்கும்வரை இங்கு வாழ்ந்தவர். அவர் சொன்ன செய்மதி 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பது. சொல் மேலே போய்க் கீழே வரக் கால் விநாடி செல்லும். 2025 யூலையிலே இலங்கையில் தொடங்கிய 'ஸ்டார்லிங்க்' சேவையின் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்திலே ஓடுவன. ஆகவே தாமதம் மிகக் குறைவு. ஆயினும் அங்கும் செய்தி இறுதியிலே தரைநிலையத்துக்கு இறங்கி, கண்ணாடி இழையின் வழியேதான் செல்லவேண்டும். கருவிக்கும் மாதக் கட்டணத்துக்கும் ஆகும் செலவு ஒரு வயற்கூலிக் குடும்பத்தாற் தாங்கக்கூடியதன்று. ஓர் ஊர் சேர்ந்து எடுத்தாற் பயனுண்டு.

அன்பர்களே, இனி நம் வாவிக்குத் திரும்புவோம். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் இவ்வாவி நமக்கு மீனும் இறாலும் தந்தது; அதே வேளையிலே நம்மை இரு கரையாகவும் பிரித்தது. போர் ஆண்டுகளிலே படுவான்கரைக் கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரமும் தொலைபேசியும் எட்டாக் கனியாயிருந்தன. 2014இலே மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையைக் கடக்க ஓடத்தையே நம்பியிருந்தோம். நோயாளியும் பரீட்சை எழுதும் பிள்ளையும் ஓடத்துக்காகக் காத்து நின்ற காலத்தை நாம் மறந்துவிடலாகாது. பாலம் வந்தபோது இரு கரையும் ஒன்றாயின என்று மகிழ்ந்தோம். ஆனால் இணையத்திலே படுவான்கரைப் பிள்ளைகளிற் பலர் இன்னும் ஓடத்துறையிலேதான் நிற்கின்றார்கள். கண்ணாடி இழை நகரம்வரை வந்திருக்கின்றது. அங்கிருந்து சிற்றூர் வரையுள்ள கடைசி ஐந்து பத்துக் கிலோமீற்றரே நம் குறை.

2020இலே பல்கலைக்கழக மாணவர்கள் எவ்வாறு படித்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். 1990இல் தொடங்கிய அதே லேர்ண் வலையமைப்பு அப்போதும் இருந்தது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகமும் அதில் ஓர் உறுப்பு. அதன் வழியாகவும் தொலைபேசி நிறுவனங்களின் இசைவோடும் மாணவர்கள் கட்டணமின்றி விரிவுரைகளிற் சேர ஏற்பாடு செய்யப்பட்டது. முப்பதாண்டு முன்னே சிலர் கூடி இட்ட அடித்தளம் துன்பக் காலத்திலே கைகொடுத்தது. அத்தகைய வலுவான அடித்தளம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று வாய்க்கவில்லை. அடுத்த துன்பம் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. வருமுன் அடித்தளம் இடவேண்டும்.

ஆகவே மன்றத்தின் முன் இரண்டு கருமங்களை வைக்கின்றோம்.

முதலாவது, கேட்கத் தெரிந்து கேட்டல். 'எங்கள் ஊரிலே கவரேஜ் இல்லை' என்று ஒரு மனு எழுதினால் அது கோவையிலே கிடக்கும். நம் இளைஞர்கள் ஊர் ஊராகச் சென்று நான்கு விடயங்களைக் குறித்து வரட்டும்: அண்மைக் கோபுரம் எங்கே, எவ்வளவு தூரம், இடையில் என்ன தடை? கோபுரத்துக்கு ஒளியிழை வந்திருக்கின்றதா? எந்த நேரத்திலே வேகம் குறைகின்றது? மின்சாரம் நின்றால் எவ்வளவு நேரத்திலே கோபுரமும் நின்றுவிடுகின்றது? கடைசிக் கேள்வி சிறியதன்று. 2022இல் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்திலே, மின்கலம் தீர்ந்து கோபுரங்களும் ஊமையானமை நாம் அறிந்ததே. வேகத்தை அளக்கும் செயலிகள் கைத்தொலைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் ஒரு மாதம் அளந்து, கிராம வாரியாக அட்டவணையிட்டு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் சேவை வழங்கும் நிறுவனங்களுக்கும் பிரதேச செயலகங்களுக்கும் அனுப்பினால், அதைத் தட்டிக்கழிப்பது எளிதன்று.

இரண்டாவது, நாமே செய்யக்கூடியதைச் செய்தல். வலையமைப்புக்கு இணையம் கட்டாயமன்று என்பதைத் தொடக்கத்திலே சொன்னோம். ஒரு வாசிகசாலையிலே ஒரு வைபை றூட்டரும் ஒரு சிறு கணினியும் வைத்தால் அதுவே ஒரு வலையமைப்பு. அக்கணினியிலே கடந்த ஆண்டுப் பரீட்சை வினாத்தாள்களையும், கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தன் இணையத்தளத்திலே இலவசமாகத் தரும் பாடநூல்களையும் சேர்த்து வைக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவை முழுவதாக இறக்கி வைத்து இணையமின்றிப் படிப்பதற்குக் 'கிவிக்ஸ்' என்னும் இலவச மென்பொருள் இருக்கின்றது. 2005இலே தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்திலே ஈழத்துத் தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் ஆயிரமாயிரமாகக் கிடைக்கின்றன. நம்முடையவை போன்ற மலர்களும் அங்கே பேணப்படுகின்றன. வேண்டியவற்றை நகரத்திலிருந்து ஒரு கைக்கடக்கமான வட்டிலே கொண்டுபோய் அக்கணினியில் ஏற்றிவிட்டால், வாசிகசாலை முற்றத்திலும் பக்கத்து மரத்தடியிலும் இருக்கும் பிள்ளைகள் ஒரு சதம் செலவின்றி எடுத்துப் படிக்கலாம். ஒரு சூரிய மின்தகடு இருந்தால் மின்வெட்டும் தடையன்று. கொத்மலையார் வானொலியாற் செய்ததை நாம் வைபையாற் செய்வோம். ஓர் ஊரிலே தொடங்குவோம். அதுவும் படுவான்கரை ஊராயிருக்கட்டும்.

பெரியோர்கள் அஞ்சுவதையும் நாம் புறக்கணிக்கவில்லை. இணையத்திலே தீயனவும் உண்டு, ஏமாற்றும் உண்டு. பொதிகள் பல கைமாறிப் போவன என்றோம். ஆகவே பூட்டுக் குறி காட்டாத தளத்திலே வங்கி எண்ணையும் கடவுச்சொல்லையும் எழுதலாகாது. பூட்டுக் குறி இருப்பதனால் மாத்திரம் அத்தளத்தார் நல்லவர் என்றும் நம்பலாகாது. வழியிலே எவரும் படிக்கமாட்டார் என்பதே அதன் பொருள். தொலைபேசிக்கு வரும் ஒருமுறை எண்ணை எவர் கேட்டாலும், வங்கி அலுவலர் என்றே சொன்னாலும், கொடுக்கலாகாது. பிள்ளைகள் எதைப் பார்க்கின்றார்கள் என்பதைக் கவனிக்கப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கவேண்டும். வாசிகசாலையிலே பலர் நடுவே இருந்து படிப்பது, தனியறையிலே தொலைபேசியோடு இருப்பதிலும் நலமுடையது அன்றோ? அஞ்சிக் கதவடைத்தாற் பிள்ளைகள் பின்தங்குவார்கள். கூட இருந்து வழிகாட்டினால் முன்னேறுவார்கள்.

முடிவாக ஒன்று. பாலமிட அரசினர் வேண்டும். கடலிலே வடமிடப் பெருநிறுவனங்கள் வேண்டும். ஆனால் கடைசிச் சில நூறு மீற்றரைக் கடக்க ஊரவரே போதும். வேகம் அளப்பதற்கும் கணினியிலே பாடங்களை ஏற்றுவதற்கும் எழுத வாசிக்கத் தெரிந்த இளைஞர் பத்துப் பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பழைய மடிக்கணினியோ தொலைபேசியோ வீட்டிலே சும்மா கிடந்தாற் பெரியோர்கள் அதைத் தந்துதவுங்கள். அடுத்த ஆண்டு விழாவிலே இப்பொருள் பற்றி மீண்டும் ஒரு சொற்பொழிவு வேண்டாம். அக்கரைப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த வாசிகசாலையிற் படித்தார்கள் என்னும் அறிக்கை ஒன்று வாசிக்கப்படட்டும்.

 எல்லாம் வல்ல இறைவன் நம் முயற்சிக்குத் துணைநிற்பானாக.